இழுத்துப் பார்த்த முடிச்சு

ஜெயபாரதியின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டின் நுனியிலும் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. நூல் போய்ப் போய் விழுந்த பள்ளம். இருபத்தெட்டு வருஷமாகப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குச்சு கட்டி, ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலைப் பல்லால் கடித்தே அறுத்து வந்தவள் அவள். கத்தரிக்கோல் இல்லாமல் இல்லை, மூன்று வைத்திருந்தாள். ஆனால் இடது கை துணியைப் பிடித்திருக்கிறது, வலது கை ஊசியைப் பிடித்திருக்கிறது, கத்தரிக்கோலை எந்தக் கையால் எடுப்பது என்று திருப்பிக் கேட்பாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. போன சித்திரையில் ஒரு நாள் ஜரிகை கலந்த நூலை வெடுக்கென்று கடித்தபோது இடப்பக்கத்துப் பல் வேர் வரைக்கும் விரிந்துவிட்டது.

தி.நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்பக்கம் ஒரு சந்து. அதில் ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில்தான் அவள் கடை. கடை என்றால் ஒரு முக்காலி, ஒரு தகர டப்பா, சுவரில் நாலு ஆணி. பக்கத்திலேயே மிஷின் போட்டுக்கொண்டு அன்வர் பாஷா புடவை ஓரத்துக்கு ஜிக்ஜாக் அடிப்பார். பெரிய கடைகளில் பட்டு எடுத்தவர்கள் பையோடு நேராக இங்கே வந்து நிற்பார்கள். எல்லாருக்குமே நாளைக்குத்தான் கல்யாணம். அவள் வீடு சைதாப்பேட்டையில். கணவர் கருணாகரன் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். நல்ல மனுஷர், ஆனால் இந்தக் கதையில் அவருக்கு அதிக வேலையில்லை.

அவள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அவளே போட்ட சட்டம். முடிச்சுப் போட்டால் உடனே அதன் வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். நின்றால் முடிச்சு. வந்தால் அது முடிச்சே இல்லை, மறுபடி போடு. ஒரு முந்தானையில் நூறு குச்சு என்றால் நூறு இழுப்பு. தூக்கத்தில்கூட அவள் விரல்கள் போர்வை நுனியை இழுத்துப் பார்க்கின்றன என்று கருணாகரன் சொல்வார்.

பல் விரிந்ததும் அடையாறு பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாள். அங்கே மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த நீரஜா என்ற டாக்டர் பெண் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்து, எடுத்த எடுப்பில் கேட்டாள்: "நீங்க டெய்லரா?"

ஜெயபாரதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா டாக்டர், மூஞ்சில எழுதியா கீது?"

"பல்லுல எழுதியிருக்கு. நூல் கடிக்கறவங்களுக்குத்தான் இப்படித் தேயும்."

அந்த ஒரு பேச்சில் ஜெயபாரதி விழுந்துவிட்டாள். இந்தப் பெண் என்ன சொன்னாலும் கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள். சொன்னது எல்லாம் புரிந்தது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

விரிந்த பல்லைப் பிடுங்கினார்கள். அந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு ஸ்க்ரூவை இறக்கி, அதன்மேல் பல் வைப்பதாகச் சொன்னார்கள். நீரஜாவின் படிப்புக்கான ஆராய்ச்சியில் அவளும் ஒருத்தி என்றார்கள். ஆறு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஆனி மாதம் அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு வாரம் கழித்து வீக்கம் வடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் ஸ்க்ரூவும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் ஈறு. மூடித் தைத்துவிட்டிருந்தார்கள்.

"டாக்டர், பல்லு எங்க கீது?"

"ஸ்க்ரூ உள்ள இருக்கும்மா. எலும்பு அதைப் பிடிச்சுக்கணும். நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கழட்டி மாட்டற பல்லைப் போட்டுக்கோங்க. அதால எதையும் கடிக்கக் கூடாது."

"கடிக்காத பல்லு இன்னாத்துக்கு?"

"சிரிக்கறதுக்கு."

சந்துக்குத் திரும்பி இதைச் சொன்னதும் அன்வர் பாஷா மிஷினை நிறுத்திவிட்டார். "அக்கா, உள்ள போட்டாங்களா, இல்ல போட்டேன்னு சொன்னாங்களா?"

அவ்வளவுதான், அவள் நிம்மதி போயிற்று. அடுத்த முறை போனபோது நீரஜா எக்ஸ்ரே படத்தைக் காட்டினாள். பற்களுக்கு நடுவே மரையோடு பளிச்சென்று ஒரு ஸ்க்ரூ. அது தன் வாய்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்க நினைத்து, கேட்காமல் மென்று முழுங்கினாள். நாலு மாதம் கத்தரிக்கோலோடு மாரடித்தாள். வாரத்தில் இருபது புடவை முடியும் இடத்தில் பதினொன்றுதான் முடிந்தது. கத்தரிக்கோலை எடுக்கும்போது ஊசி தொலையும்; ஊசியைத் தேடும்போது கத்தரிக்கோல் தொலையும். பல் வரட்டும், பல் வரட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். பல் வந்தால் அவள் பழைய ஜெயபாரதி.

தீபாவளி முடிந்து, கார்த்திகை மழையில் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மூடிய ஈறைத் திறந்து, ஸ்க்ரூவின் மேல் குமிழ் போல ஒரு சின்ன உலோக மூடியை வைக்க வேண்டும். அதைச் சுற்றி ஈறு ஆறி, நல்ல வடிவத்துக்கு வந்த பிறகுதான் பல். அன்றைக்கு நீரஜா ஒட்டிய உறை ஒன்றைக் கொண்டுவந்து அவள் கண்ணெதிரே பிரித்தாள்.

"இது இன்னா டாக்டர்?"

"ஈறைத் திறக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, வட்டமா ஒரு துளை போடறது. இன்னொண்ணு, வெட்டித் தூக்கி, அந்தச் சதையையே மடிச்சு உதட்டுப் பக்கம் உள்ள சொருகித் தைக்கறது. எதுல நல்லா ஆறுதுன்னுதான் என் ஆராய்ச்சி. யாருக்கு எதுன்னு நான் முடிவு பண்ணக் கூடாது. உறைதான் சொல்லும்."

ஜெயபாரதி பேந்தப் பேந்த விழித்தாள். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சாமிக்கு எல்லாம் தெரியும், சரி. இவ்வளவு படித்த பெண் எப்படி வெட்டுவது என்று ஓர் உறையைக் கேட்கிறாளே? "உங்களுக்கே தெர்லியா டாக்டர்?"

"தெரிஞ்சா ஏன் ஆராய்ச்சி பண்றேன்?" என்று நீரஜா சிரித்தாள். "ரெண்டுமே நல்ல வழிதாம்மா. எது இன்னும் நல்லதுன்னுதான் தெரியல."

உறை இரண்டாவது வழியைச் சொன்னது. மடித்துத் தைப்பது. இத்தனை மாதத்தில் ஜெயபாரதிக்குத் தலையும் வாலும் புரிந்த ஒரே விஷயம் அதுதான். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தால் ஓரம் தடிப்பாக நிற்கும். துணிக்கும் அதுதானே செய்கிறோம். சந்தோஷமாகவே வாயைத் திறந்தாள். இரண்டு தையல் விழுந்தது. நீரஜா விரலை நீட்டிச் சொன்னாள்: கை படக் கூடாது, அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது, உதட்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது, ஏழாம் நாள் வர வேண்டும்.

உதட்டைத் தூக்கிப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? இரண்டாம் நாளே பார்த்தாள். ஈறின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. உடனே நீரஜாவுக்குப் போன் போட்டாள்.

"வெள்ளையா இருந்தா நல்லதும்மா. புண் ஆறும்போது அப்படித்தான் படலம் வரும்."

"மஞ்சளா இருந்தா?"

"மஞ்சளா, நாத்தத்தோட, வலியோட இருந்தா உடனே வாங்க. பார்க்காதீங்கன்னு சொன்னேனே?"

டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளை. குண்டு பல்பில் பார்த்தால் மஞ்சள். கருணாகரனைக் கேட்டால் சந்தன கலர் என்றார். ஆறுகிறதா அழுகுகிறதா என்று தெரியாமல் அவள் இரண்டு விளக்குக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். வலி இல்லை. வலி இல்லாதது நல்லதா, கெட்டதா? அதையும் கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து, அந்தப் பெண் என்ன நினைப்பாளோ என்று வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில்தான் அந்த நூல் அவள் நாக்கில் பட்டது. முடிச்சுக்கு வெளியே அரிசி நீளத்துக்கு வால் விட்டிருந்தார்கள். அவளிடம் யாராவது இப்படி வால் விட்டுக் கட்டினால் அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவாள். நாக்கு சும்மா இருக்குமா? அதுபாட்டுக்கு அதையே தடவிக்கொண்டிருந்தது. முடிச்சு தளர்ந்த மாதிரி இருந்தது. தளரவில்லை போலவும் இருந்தது. கண்ணாடி முன்னால் போய் உதட்டைத் தூக்கினாள். கறுப்பு நூல், பட்டு நூல்தான், மூக்குக்கண்ணாடி இல்லாமலே அது தெரிந்தது. இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. அப்புறம் நடந்ததை அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே போய் அந்த வாலைப் பிடித்து, இருபத்தெட்டு வருஷமாக இழுப்பது போலவே ஒரு இழு இழுத்தன.

சுரீர் என்றது. நூல் கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே இரத்தம்.

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, காலண்டர் தாளில் ஒரு துண்டைக் கிழித்து அந்த நூலைச் சுருட்டி, தன் ஊசி டப்பாவின் அடியில் திணித்தாள். குப்பையில் போட ஏனோ மனசு வரவில்லை; எடுத்துப் பார்க்கவும் தைரியமில்லை. கருணாகரனிடம் சொல்லவில்லை.

ஏழாம் நாள் போனாள். நீரஜா உதட்டைத் தூக்கியதும் அவள் முகம் மாறிற்று. ஒரு பக்கம் மடிப்பு பிரிந்து, ஈறு மேலே ஏறிவிட்டிருந்தது.

"ஒரு தையல் காணோமே? எப்ப வந்தது? ஏதாவது பட்டுதா? கடினமா ஏதாவது கடிச்சீங்களா?"

"இல்ல டாக்டர்." ஜெயபாரதி கூரையைப் பார்த்தாள். "அதுவா வந்துட்ச்சு."

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் ஸ்ரீரங்கன் வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார். "ஒரு வாரத்துக்குள்ள நழுவற முடிச்சு என்ன முடிச்சு, நீரஜா? முதல் வருஷத்துல கத்துக்கற விஷயம் இது." குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தாலாவது பரவாயில்லை. பக்கத்து நாற்காலிகளில் இருந்த மாணவர்கள் எல்லாரும் தங்கள் நோயாளிகளின் வாய்க்குள் ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள். நீரஜா "சாரி சார்" என்றாள். அவள் காது மடல் சிவந்திருந்ததை ஜெயபாரதி பார்த்தாள்.

பேருந்தில் சைதாப்பேட்டை வருகிற வரை ஜெயபாரதி தனக்குத்தானே வழக்காடினாள். ஒரு இழுப்புக்கு வந்தால் அது முடிச்சே இல்லை. அவள் சட்டப்படி அதுதான் நியாயம். பெரியவரும் அதைத்தானே சொன்னார்? அப்படியென்றால் தப்பு அந்தப் பெண்ணுடையது. தன்மேல் தப்பு இல்லை. தப்பு இல்லையென்றால் பிறகு எதற்காகப் பொய் சொன்னோம்? இந்த இடத்துக்கு வந்ததும் வழக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. குச்சு கட்டினாள், இழுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு இழுப்புக்கும் வாய்க்குள் சுரீர் என்றது. ஒரு நாள் அன்வர் பாஷாவிடம், யாரோ ஒருத்தி கதை என்று சொல்லிக் கேட்டாள். அவர் நூல் கண்டை மாற்றிக்கொண்டே சொன்னார்: "முடிச்சு சரியில்லன்னா கட்னவ தப்பு. தொடாதன்னு சொன்னத தொட்டா தொட்டவ தப்பு. ரெண்டும்னா?" யோசித்தார். "எனுக்குத் தெர்லக்கா. அந்த யாரோ ஒருத்திய வாய்ல கை வெக்காம இருக்கச் சொல்லு."

நாலாம் வாரம் அளவெடுக்கும் நாள். நீரஜா கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டுத் தொட்டு அளந்தாள். பக்கத்துப் பல்லின் ஈறைவிட ஒன்றரை மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தது. குமிழின் உலோக விளிம்பு வெளியே தெரிந்தது. இப்படியே பல் வைத்தால் சிரிக்கும்போது சாம்பல் கோடு தெரியும், மேல்வாயிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து வைத்துத் திரும்பத் தைக்க வேண்டும் என்றாள். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"நீங்க பயப்படாதீங்கம்மா. தையல் மட்டும் நான் போடமாட்டேன். என்கூடப் படிக்கற சுஹாஸைப் போடச் சொல்றேன். இப்ப என் பேஷன்ட் எல்லாருக்குமே அவன்தான் போடறான்."

"ஏன் டாக்டர்?"

"கை நடுங்குதும்மா. முடிச்சுப் போடும்போது மட்டும்." இதைச் சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த படிவத்தில் எழுதத் தொடங்கினாள். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "தையல் நழுவியதுன்னு போடறேன். அப்ப இந்த முறையே தோத்துப்போச்சுன்னு கணக்கு வரும். என் முடிச்சு சரியில்லையா, முறை சரியில்லையா, எனக்கே தெரியல."

கை நடுங்குவது என்றால் என்னவென்று ஜெயபாரதிக்குத் தெரியும். இருபது வயதில் அவள் கட்டிய குச்சு ஒரு கல்யாண மேடையில் அவிழ்ந்துபோய், அந்த வீட்டார் சந்துக்கே வந்து புடவையை அவள் மடியில் எறிந்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் அவள் விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தப்பு தன்னுடையதுதானா என்று இன்றுவரை தெரியாது. யாராவது ஒரு ஆள் வந்து இன்னதுதான் நடந்தது என்று சொல்லியிருந்தால் போதும். யாரும் வரவில்லை.

"டாக்டர், அத எழுதாதீங்க." நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தாள். "அதுவா வர்ல. நான்தான் இஸ்துப் பாத்தேன்."

நீரஜா நிமிர்ந்தாள். "என்னது?"

"முடிச்சு நிக்குதான்னு இஸ்துப் பாத்தேன். எங்க வேலைல அப்டித்தான். முடிச்சுன்னா இஸ்துப் பாக்கணும். பொய் சொல்லிட்டேன் டாக்டர். மன்னிச்சுக்கோங்க."

நீரஜா பேனாவைப் படிவத்தின்மேல் வைத்தாள். கோபமா, அழுகையா என்று அவள் முகத்தைப் பார்த்து ஜெயபாரதியால் சொல்ல முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. கடைசியில் கேட்டது வேறு: "இழுத்ததும் வந்துடுச்சா? அப்ப முடிச்சு தளர்ந்துதானே இருந்திருக்கு?"

"அதான் எனுக்கும் புரில." ஜெயபாரதி பைக்குள் கையை விட்டு ஊசி டப்பாவை எடுத்தாள். அடியில் இருந்த காலண்டர் துண்டைப் பிரித்து, நீரஜாவின் உள்ளங்கையில் வைத்தாள். "தூக்கிப் போட மனசு வர்ல. நான் பாக்கவும் இல்ல. நீங்க பாருங்க."

நீரஜா விளக்கை இழுத்தாள். இடுக்கியால் அந்தக் காய்ந்த கறுப்பு நூலைத் தூக்கிப் பிடித்தாள். ஜெயபாரதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். தலையும் தலையும் இடித்துக்கொள்ளாத குறை.

நூல் வளையமாக இருந்தது. சின்ன, முழு வளையம். எங்கும் அறுபடவில்லை. அதன் உச்சியில் முடிச்சு, மூன்று சுற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, போட்டது போட்டபடி இறுகிக் கிடந்தது.

தொழில்காரிக்கு இதற்குமேல் யாரும் சொல்ல வேண்டாம். முடிச்சு அவிழவில்லை. அவள் இழுத்த இழுப்பில் முடிச்சு நின்றது. அது பிடித்துக்கொண்டிருந்த ஈறுதான் கிழிந்து வழிவிட்டது. நாலே நாள் ஆறிய சதை. மூன்று வாரம் அந்த முடிச்சின்மேல் பழியைப் போட்டு அவள் வழக்காடியிருக்கிறாள். அதுவோ அவள் டப்பாவுக்குள்ளேயே நல்ல முடிச்சாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நின்னுதான் கீது டாக்டர்," என்றாள். "உங்க முடிச்சு நின்னுதான் கீது. நான் கட்டினாகூட இப்டி நிக்காது."

நீரஜா அந்த வளையத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டு மூடினாள். படிவத்தை மறுபடி எடுத்தாள். காரணம் என்ற கட்டத்துக்குக் கீழே நாலு காரணங்கள் அச்சிடப்பட்டிருந்தன. இது அந்த நாலில் எதிலும் சேரவில்லை. "இதை எங்கம்மா எழுதறது?" என்று கேட்டாள். ஜெயபாரதியும் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் நீரஜா சின்ன எழுத்தில் ஏதோ எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கியதா என்று ஜெயபாரதி உற்றுப் பார்த்தாள். அதைக் கவனித்த நீரஜா, பேனா பிடிக்கும்போது எப்போதுமே நடுங்கியதில்லை என்றாள்.

பொங்கல் கழிந்து மறுவாரம் மேல்வாயிலிருந்து சதை எடுத்து வைத்தார்கள். சுஹாஸ் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். நீரஜா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியைத் தானே எடுத்தாள். முதல் முடிச்சு மெதுவாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. வாலை வெட்டும் முன் இடுக்கியால் அதன் நுனியைப் பிடித்து, காற்று இழுக்கிற அளவுக்கு ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு முகமூடியை இறக்கி ஜெயபாரதியின் கண்ணைப் பார்த்தாள்.

"நானே இழுத்துப் பாத்துட்டேன். நிக்குது. நீங்க பாக்க வேணாம்."

ஜெயபாரதியின் வாய் மரத்துப்போயிருந்தது. இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.